ஏர்சாஃப்ட் (நிஜம் போன்ற துப்பாக்கியில் சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு) பக்கம் மறுபடி வர நினைக்கிறேன். கோலாலம்பூரில் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். படிக்கிற காலத்தில் விளையாடியது, இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது, 2,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருக்கிறேன், எம்4 நல்லதா ஏகே நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் முதலில் ஒரு நல்ல காகிள் (கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி) வாங்குங்கள், அப்புறம் பூட்ஸ். மிச்சத்தை பேங்காக் டிக்கெட்டுக்கு வையுங்கள், அங்கே வாடகைத் துப்பாக்கியில் விளையாடலாம்.

எங்கே படித்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கேயே படித்து வளர்ந்தவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். அதனால் ஹாங்காங், தைவான், ஜப்பான் பக்கம் எங்கோ படித்துவிட்டு வேலைக்காகக் கோலாலம்பூர் வந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கெல்லாம் இது கடைக்குப் போய் வாங்குகிற பொருள். ஜப்பானில் 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.98 ஜூல் வரை அனுமதி (குண்டின் ஆற்றலை ஜூலில் அளப்பார்கள்). ஹாங்காங்கில் 2 ஜூலைத் தாண்டினால்தான் சட்டம் அதை ஆயுதமாகப் பார்க்கும். மலேசியாவில் அப்படி இல்லை. நிஜத் துப்பாக்கி போலத் தெரியும் பொருளை வைத்திருப்பதே குற்றம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் வருகிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். எத்தனை ஜூல், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் வக்கீல் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

இந்த இடத்தில் யாராவது வந்து, "அண்ணே, எங்க வீட்ல ஜெல் உருண்டை சுடுற ஜெல் ப்ளாஸ்டர் துப்பாக்கி ரொம்ப நாளா கிடக்கு, ஒண்ணும் ஆகலையே" என்பார். ஆகாத வரைக்கும் சரி. இணையத்தில் 'பொம்மை' என்று போட்டு விற்கிறவர் நாளைக்கே கடைப் பெயரை மாற்றிக்கொள்வார். பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் எதை மாற்றுவார்? ராத்திரி சாலைத் தடுப்பில் டார்ச் அடித்துப் பின் இருக்கையைப் பார்க்கிற போலீஸ்காரருக்கு, அது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டை சுடுவதா தோட்டா சுடுவதா என்று எப்படித் தெரியும்? என் அக்கா மகன் இப்படி ஒன்றுக்கு ஆர்டர் போடப் போனான். பக்கத்தில் உட்கார்ந்து ரத்து செய்ய வைத்தேன். அவனுக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். கல்யாணத்துக்கு முன்னால் வேலை விஷயமாக ஹாங்காங்கில் இருந்தேன். மோங் கோக் பக்கத்தில் குவோங் வா தெரு என்று ஒன்று உண்டு, வரிசையாக ஏர்சாஃப்ட் கடைகள். சுவர் முழுக்கத் துப்பாக்கி தொங்கும். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தோக்கியோ மருயி என்ற ஜப்பான் கம்பெனித் துப்பாக்கியில் எதை வாங்குவது, மேகசின் (குண்டு நிரப்பும் பெட்டி) எத்தனை வாங்குவது என்று நின்றபோது, நான் முதலில் வாங்கியது காகிள். ரப்பர் ஓரம் முகத்தோடு ஒட்டி உட்கார்கிற, இரட்டை லென்ஸ் போட்ட காகிள். கூட இருந்த ஈப்போ நண்பர் ஒருவர், "மச்சான், துப்பாக்கி வாங்க வந்துட்டு நீச்சல் கண்ணாடி வாங்குறியே" என்றார். எனக்கு மைனஸ் பவர். உள்ளே மூக்குக் கண்ணாடி போட வேண்டும். கண் போனால் வேலையும் போய்விடும் என்பது அப்போதே எனக்குத் தெளிவாக இருந்தது.

அப்புறம் ஊர் திரும்பினேன், கல்யாணம், பிள்ளைகள். துப்பாக்கியை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். காகிள் மட்டும் என்னோடு வந்தது. பல வருஷம் கழித்து கோலாலம்பூர் நண்பர்கள் பேங்காக்குக்குப் போய் விளையாடலாம் என்றபோது புது லென்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். தாய்லாந்தில் வாடகைக்கே எல்லாம் கிடைக்கும். களத்தில் எல்லோருக்கும் கம்பி வலை போட்ட மாஸ்க் கொடுத்தார்கள். ஆவி படியாது, காற்று வரும், அந்த வெயிலில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பிளைவுட் தடுப்பைச் சுற்றி வருகிறேன், எதிரில் ஒரு பையன், நாலு அடி தூரம் இருக்கும். அவனும் பயந்து விசையை அழுத்திவிட்டான். டக் என்று ஒரு சத்தம். எனக்கு வலியே இல்லை. ஆட்டம் முடிந்து காகிளைக் கழற்றிப் பார்த்தால், இடது கண்ணின் கருமணிக்கு நேர் முன்னால் லென்ஸில் கடுகு அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். விரல் நகத்தால் தொட்டால் உள்ளே இறங்கியது. பக்கத்தில் வலை மாஸ்க் போட்டிருந்த நண்பருக்கு வேறொரு குண்டு வலையில் பட்டு உடைந்து, தூள் உள்ளே போயிருந்தது. இமை மேல் வெள்ளைத் துகள்கள். நல்லவேளையாகக் கண்ணை மூடியிருந்தார். அன்று சாயந்திரம் முழுக்க அவர் கண்ணைக் கசக்கவிடாமல், பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மட்டமான குண்டு வலையில் பட்டால் உடையும், தூள் உள்ளே வரும். இதைத்தான் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன்.

அதனால் காகிள் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இஎன்166இல் எஃப் என்று இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பி என்று இருந்தால் அதே குண்டு 120 மீட்டர் வேகத்தில். கணக்குப் போட்டால் எஃப் ஒரு ஜூலைக்கூடத் தொடாது, பி ஆறு ஜூலைத் தாண்டும். 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் போனால் சரியாக 1 ஜூல். ஆக, எஃப் போட்ட மெல்லிய கண்ணாடி போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பி எடுங்கள். அமெரிக்கப் பொருள் என்றால் ஏஎன்எஸ்ஐ இசட்87 பிளஸ் என்று முத்திரை இருக்கும், காகிள் வகையில் அதுவும் சரி. நேரடியாக அடிபட்ட லென்ஸை மாற்றிவிடுங்கள். நான் மாற்றினேன்.

ஆவி படிவதுதான் நம் ஊர் வெக்கையில் பெரிய தொல்லை. பாதி பேர் அதனால்தான் ஆட்டத்தின் நடுவில் காகிளைத் தூக்கித் துடைக்கிறார்கள், அடி படுவதும் அப்போதுதான். இரட்டை லென்ஸ் எடுங்கள், விலை கொஞ்சம் அதிகம், கொடுக்கலாம். கீழ்முகத்துக்கும் ஒரு மறைப்பு வேண்டும். முன்பல் கட்ட என்ன செலவாகும் என்று பல் டாக்டரைக் கேட்டால் புரியும்.

பூட்ஸ் பற்றிச் சுருக்கமாக: கணுக்காலை மூடுகிற உயரம், பற்கள் ஆழமான அடிப்பாகம். இருபது வயதில் கான்வாஸ் ஷூவில் ஓடியிருப்பீர்கள். இப்போது கணுக்கால் மடங்கினால் சீக்கிரத்தில் ஆறாது. முட்டிக்கு ஒரு பேட். துப்பாக்கி விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: நாற்பதை நெருங்கும் கண்ணுக்குத் துப்பாக்கி மேல் குறிபார்க்கும் பின் முனையும் முன் முனையும் எதிராளியும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியாது. வாடகைக்கு எடுக்கும்போது ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) மாட்டியதாகக் கேளுங்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்தால் போதும், புள்ளி தானாகத் தெரியும்.

'இந்த வயசில் இது தேவையா' என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வரும். எனக்கு வந்தது. "பிள்ளை எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போறான், இவன் துப்பாக்கி விளையாடப் போறான்" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காது படவே சொன்னார்கள். எங்கள் ஆபீஸில் மேனேஜர் வாராவாரம் கோல்ஃப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, அது அந்தஸ்தாம். நம்மில் ஒருவன் உடம்பு வியர்க்க ஓடினால் பொறுப்பில்லாதவன். ஓட இடம்தான் எங்கே இருக்கிறது? எங்கள் தமானில் (குடியிருப்பில்) நாங்கள் பந்தாடிய திடலில் பாதி இப்போது கார் நிறுத்துமிடம். மிச்சப் பாதியில் 'பந்து விளையாடத் தடை' என்று பலகை. பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் சுடுகிறார்கள். அதையும் அதே ஆட்கள்தான் திட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

உள்ளூரிலேயே ஓட வேண்டும் என்றால், பெயிண்ட் உருண்டை சுடும் பெயிண்ட்பால் விளையாட்டு இருக்கிறது. அனுமதி பெற்ற களத்துக்குப் போங்கள், மார்க்கரை (பெயிண்ட்பால் துப்பாக்கியை) வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்குவதானால் அனுமதி விவரத்தைக் களத்துக்காரரிடம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். லங்காவியில் பெயிண்ட்பால் உலகக் கோப்பை ஆசியா போட்டியே நடந்திருக்கிறது, ஆகவே பெயிண்ட்பால் ஆட்கள் என் மேல் பாய வேண்டாம், அது குறைந்த விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே உங்கள் ஏர்சாஃப்ட் காகிளைப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. பெயிண்ட் உருண்டை மூன்று கிராம் எடை. வினாடிக்கு 280 அடி வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 11 ஜூல், பி தரம் தாங்குவதைவிட அதிகம். ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்று போட்ட, காதையும் மூடுகிற பெயிண்ட்பால் மாஸ்க்தான் அதற்கு.

பேங்காக் போவதாக இருந்தால், களத்தில் நுழைந்ததும் துப்பாக்கியிலிருந்து குண்டு போகும் வேகத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் குண்டு போட்டு அளந்தார்கள் என்றும் கேளுங்கள், எடை தெரியாமல் வேகத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. குண்டை அங்கேயே வாங்கி அங்கேயே தீர்த்துவிடுங்கள். நினைவுக்கென்று கைத்துப்பாக்கி எதுவும் வாங்கிவர வேண்டாம், சாவிக்கொத்து அளவில் இருந்தாலும் வேண்டாம். விமான நிலையம் கிளம்பும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பக்கப் பையில் ஒரு காலி மேகசின் கிடந்தால்கூட களத்துக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்களுக்குக் கண்ணில் பவர் இருக்கிறதா, எவ்வளவு என்று எழுதுங்கள். காகிளுக்குள் பொருத்துகிற பவர் லென்ஸை எப்படி அளவு கொடுத்துச் செய்வது என்று தனியாகச் சொல்கிறேன்.