திட்ட அறிக்கைக்கு 25,000 ரூபாயா?

கேள்வி: திருப்பூருக்கு வெளியே வாடகைக் கட்டடத்தில் ஆறு மெஷின் போட்டு, நான்கு வருடமாக பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். எஸ்.சி. வகுப்பைச் சேர்ந்தவள். கணவர் இல்லை. மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறேன். வாரக் கூலியே 28,000 ஆகிவிடுகிறது. பில் பணம் வர 45 நாள் ஆவதால் நகையை அடகு வைத்துத்தான் சனிக்கிழமை கூலி கொடுக்கிறேன். இன்னும் பத்து மெஷின் போடும் அளவுக்கு ஆர்டர் இருக்கிறது. ஐந்தரை லட்சத்துக்குக் கொட்டேஷனும் வாங்கிவிட்டேன். வங்கியில் "சொத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டு, விண்ணப்பத்தைக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்கள். ஓர் ஏஜென்ட், 25,000 கொடுத்தால் திட்ட அறிக்கை தயாரித்து, பி.எம்.இ.ஜி.பி.யில் புதுப் பெயரில் மானியக் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சில தாள்களில் கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார். காசு வாங்காமல் வழி சொல்ல யாரும் இல்லையா?
— பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: இருக்கிறார்கள், சகோதரி. அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பி.எம்.இ.ஜி.பி. என்பது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசுத் திட்டம். வேலையில்லாத இளைஞர்களுக்கான மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி.யும் அப்படித்தான். நான்கு வருடமாக ஓடும் உங்கள் யூனிட்டை வேறு பெயரில் புதிது என்று காட்டினால் அது பொய்யான தகவல். அதிகாரி நேரில் பார்க்க வருவார், பழைய மெஷினும் பழைய கரண்ட் பில்லும் அங்கேயே இருக்கும். அன்றைக்கு மாட்டிக்கொள்வது நீங்கள், ஏஜென்ட் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்காகவே தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்தது. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் விண்ணப்பிக்கலாம். முதலீட்டில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. வட்டியிலும் 6 சதவீதம் மானியம் உண்டு. ஐந்தரை லட்சம் மெஷினுக்கு 35 சதவீதம் என்றால் 1,92,500 ரூபாய். மீதி 3,57,500-தான் உங்கள் கடன்.

இதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். அங்கே வழிகாட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. திட்டத்தை விளக்குவது, விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, வங்கிக்குப் பரிந்துரைப்பது எல்லாம் அவர்கள் வேலைதான், சலுகை அல்ல. கூச்சப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு உதவும் மத்திய அரசின் தேசிய எஸ்.சி.-எஸ்.டி. ஹப் அலுவலகமும் சென்னையில் இருக்கிறது. பதிவு, டெண்டர், கடன் ஆவணம் பற்றி அங்கேயும் இலவசமாகக் கேட்கலாம். வங்கியோடு இழுபறி வந்தால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள்.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு பெண் தையல் யூனிட்டுக்குத் திட்ட அறிக்கை கொண்டுவந்தார். ஸ்பைரல் பைண்டிங், கலர் அட்டை, பார்க்க லட்சணமாக இருந்தது. ஏழாம் பக்கத்தைப் புரட்டினால் 'மாவு அரைக்கும் இயந்திரம் - 2' என்று இருந்தது. யாருக்கோ போட்டதில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு டஜன் தைக்க என்ன கூலிம்மா ஆகும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் பைசா சுத்தமாகச் சொன்னார். ஓவர்லாக்குக்கு எவ்வளவு, செக்கிங்குக்கு எவ்வளவு, நூல் செலவு எவ்வளவு என்று எல்லாமே அவர் மனதில் இருந்தது. அறிக்கையில்தான் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா அதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாரோ என்று இன்றைக்கும் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே, கணக்கை நீங்களே எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். கடந்த ஓராண்டில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை பீஸ், என்ன ரேட், பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி. இந்தக் கடைசி இரண்டு தேதிகளை விட்டுவிடாதீர்கள், உங்கள் பிரச்சினையே அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. பில் பணம் வர 45 நாள் என்றால், அதற்குள் ஆறு சனிக்கிழமை வந்துவிடும். ஆறு முறை 28,000 என்றால் 1,68,000. நீங்கள் நகை வைத்துப் புரட்டுவது இந்தத் தொகையைத்தான். மெஷினுக்கு மட்டும் கடன் வாங்கி ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தத் தொகையும் கூடும். நகை போதாமல் வாரவட்டிக்குப் போவீர்கள். நல்ல ஆர்டர் கையில் இருந்தும் மூடிய யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் மெஷின் கடனோடு நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது கூலி, நூல் போன்ற அன்றாடச் செலவுக்கு, வேண்டும்போது எடுத்துப் பிறகு கட்டும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கும் சேர்த்துக் கேளுங்கள். சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 20 சதவீதத்தை வங்கி நடைமுறை மூலதனமாகத் தர வேண்டும் என்பது சிறு தொழில் கடன் பற்றி ஆராய்ந்த நாயக் குழு பரிந்துரைத்து ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்ட கணக்கு. இப்போது ஆண்டுக்கு 18 லட்சம் பில் போடுகிறீர்கள். பதினாறு மெஷினும் முதல் மாதமே முழுசாக ஓடாது, டெய்லர் கிடைக்க வேண்டும். அதனால் 30 லட்சம் என்று அடக்கமாக எழுதுங்கள். அதில் 20 சதவீதம் 6 லட்சம். மெஷின் கடனோடு சேர்த்து 9,57,500.

இந்தத் தொகை பத்து லட்சத்தைத் தாண்டாததால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு இந்த அளவுக் கடன் தரும்போது வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. 25 லட்சம் வரையிலான விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். இன்னொரு விதியையும் நன்றாக நினைவில் வையுங்கள்: எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்நிலை அதிகாரிதான் நிராகரிக்க முடியும், காரணத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆகவே வாய்வார்த்தையாகப் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டில் தேதி இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். உங்களிடம் சான்றிதழ் இருந்தால் அதில் தொழில் வகை தையல் என்றே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அவசரத்தில் வியாபாரம் என்று தட்டிவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதே பதிவு இருந்தால் 45 நாளுக்கு மேல் பணம் இழுக்கும் கம்பெனியிடம் சட்டப்படி வட்டியும் கேட்கலாம். கேட்டால் ஆர்டர் போய்விடுமே என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதை இப்போது செய்யச் சொல்லவில்லை. விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், அந்தச் செலவையும் நோட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்.

நீங்கள் வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மகளிர் குழுவில் வாங்கி அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று அதில் நின்றுகொண்டிருக்கலாம். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். கடன் கேட்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

தொழில் மையத்துக்குப் போகும்போது நோட்டு, ஓராண்டு வங்கி ஸ்டேட்மென்ட், மெஷின் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், சாதிச் சான்றிதழ் இவற்றைக் கையில் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தால் இந்த வாரமே எழுதி வாங்குங்கள். உங்கள் நோட்டை வைத்து அறிக்கை தயாரானதும், கொடுக்கும் முன் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். மேலாளர் எந்த எண்ணைத் தொட்டுக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள் ஏஜென்ட்டிடம் இருக்கின்றன. அவற்றில் வெற்றுத் தாளோ காசோலையோ இருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.