ஸ்டீராய்டு சாப்பிட்டால் ஆன்டிபாடி என்ன ஆகும்? தில்லித் தமிழர் குழுவில் ஞாயிறு கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன், மருந்துச் சீட்டு எழுதுகிறவன் இல்லை. அதனால் "மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா" என்று என்னிடம் கேட்க வேண்டாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் அதற்குள் படுத்திருக்கும், எழுந்திருக்க நேரமாகும். இதை இன்றைக்கு இன்னும் எத்தனை தடவை சொல்லப் போகிறேனோ!

மயூர் விகார்: ஆஸ்துமாவுக்கு புடெசொனைடு இன்ஹேலர் எடுக்கிறேன் சார். நவம்பர் புகைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுக்கலாமா? ஆன்டிபாடி வருமா?

வரும், போட்டுக்கொள்ளுங்கள். புடெசொனைடும் ஸ்டீராய்டுதான், ஆனால் இன்ஹேலர் மருந்தில் ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். ஊசிக்காக அதை நிறுத்த வேண்டாம்.

ஆர்.கே.புரம்: பொண்ணுக்கு ஐ.டி.பி. பிளேட்லெட் 12,000-க்கு இறங்கிடுச்சு. பிரெட்னிசோலோன் ஆரம்பிச்சு ஒரு வாரத்துல 80,000. அப்போ அந்த கெட்ட ஆன்டிபாடி எல்லாம் போயிடுச்சா?

நல்ல கேள்வி அம்மா. போகவில்லை. ஐ.டி.பி. என்பது உடம்பின் ஆன்டிபாடியே ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறிவைக்கும் நோய். ரத்தத்தில் அதிகம் இருக்கும் வகையான ஐஜிஜி ஆன்டிபாடி பாதியாகக் குறையவே ஏறக்குறைய 21 நாள் ஆகும். இன்றைக்கே உற்பத்தி முழுக்க நின்றுபோனாலும் ஒரு வாரம் கழித்து ஐந்தில் நான்கு பங்கு மிச்சமிருக்கும். பிறகு பிளேட்லெட் எப்படி ஏறியது? ஆன்டிபாடி பிளேட்லெட்டில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டியதைப் பார்த்து விழுங்குவது மண்ணீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள். ஸ்டீராய்டு முதலில் அடக்குவது இவற்றைத்தான். வாரண்ட் அப்படியே இருக்கிறது, பிடிக்கப் போகும் போலீஸ்காரர்தான் லீவில் போயிருக்கிறார். ஆன்டிபாடி குறைவதெல்லாம் பிறகு, மெதுவாக, ஓரளவுக்கு. மருந்தைக் குறைக்கும்போது சிலருக்கு பிளேட்லெட் திரும்ப இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு குறையும் என்றால், ஆரோக்கியமானவர்களுக்கு தினம் 96 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன் மூன்று முதல் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1973-இல் வந்தது. ஐஜிஜி சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதுவும் மருந்து நின்று சில வாரம் கழித்துத்தான் அடிமட்டத்துக்குப் போனது. இத்தனைக்கும் 96 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் கணக்கில் 120 மி.கி.

ஜனக்புரி: மன்னிக்கணும், ஒத்துக்க மாட்டேன். எனக்கு ஸ்டீராய்டு கொடுத்த அன்னிக்கே ரிப்போர்ட்ல லிம்போசைட் பாதியாயிடுச்சு. செல்லே செத்த பிறகு ஆன்டிபாடி எங்கேர்ந்து வரும்?

சாகவில்லை சார், இடம் மாறின. மருந்து உள்ளே போன நாலு முதல் ஆறு மணி நேரத்தில் லிம்போசைட்டுகள், அதாவது எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுக்கள், ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜைப் பக்கம் ஒதுங்கும், மறுநாள் திரும்பி வரும். அதில் இரண்டு வகை: ஆன்டிபாடி உருவாக உதவும் டி செல், ஆன்டிபாடி வேலைக்கே உரிய பி செல். அதிகம் ஒதுங்குவது டி செல், பி செல் குறைவு.

ஜனக்புரி: மைலோமாவுக்கு டெக்சாமெத்தசோன் கொடுக்கறாங்களே? அது பிளாஸ்மா செல் கேன்சர்தானே? கொல்லத்தானே கொடுக்கறாங்க?

பிடித்துவிட்டீர்கள். பி செல் முதிர்ந்து ஆன்டிபாடி தயாரிக்கும் தொழிற்சாலையாக மாறினால் அதுதான் பிளாஸ்மா செல். ஆமாம், அங்கே செல்லைக் கொல்லத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் புற்றாகிப்போன பிளாஸ்மா செல் வேறு, உங்கள் மஜ்ஜையில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் நல்ல பிளாஸ்மா செல் வேறு. இரண்டாவது வகை ஸ்டீராய்டுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் ஆன்டிபாடி ஒரு கோர்ஸ் மாத்திரையில் காணாமல் போகாததற்குக் காரணம் அதுதான். அடி வாங்குவது புதிதாக உருவாக வேண்டிய ஆன்டிபாடி. அதற்கு டி செல்லின் உதவி வேண்டும், ஸ்டீராய்டு அதைத்தான் கெடுக்கிறது. "கொல்லும்" என்று பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி எலியில் பார்த்தது. எலியின் லிம்போசைட் ஸ்டீராய்டு பட்டால் பொலபொலவென்று சாகும், மனிதனுடையது தாங்கும்.

ஜனக்புரி: எலி வேற மனுஷன் வேறன்னா எலியில ஏன் சோதிக்கறீங்க?

அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு வைத்துக்கொள்வோம், டீ உங்கள் செலவு.

ரோகிணி: நிமோனியா ஊசிக்கு முன்னாடி ஸ்டீராய்டை நிறுத்தணுமா?

வேண்டாம். மேலே பாருங்கள்.

கரோல்பாக்: கென்யா போறேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி கேக்கறாங்க. ஒரு மாசமா தினம் 30 மி.கி. பிரெட்னிசோலோன்.

நில்லுங்கள், இது வேறு கதை. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடும் ஊசி. தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாள் அல்லது அதற்கு மேல் சாப்பிடுபவருக்கு அந்த வகை ஊசி போடக் கூடாது. மருந்து முடிந்து குறைந்தது ஒரு மாதமாவது போக வேண்டும். ஊசி போடுமிடத்தில் மாத்திரை விஷயத்தை மறைக்காதீர்கள். ஊசிக்காக மாத்திரையை நிறுத்தவும் நிறுத்தாதீர்கள்! பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

துவாரகா: பையனுக்கு நெஃப்ராட்டிக் சின்ட்ரோம். ஐஜிஜி ரொம்பக் கம்மி. ஸ்டீராய்டுதானே காரணம்?

பழியை முழுக்க அதன் மேல் போடாதீர்கள். அது சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும் நோய். புரதம் சிறுநீரில் ஒழுகும்போது ஐஜிஜியும் சேர்ந்தே போகிறது. ஸ்டீராய்டு அந்த ஒழுக்கை அடைத்தால் ஐஜிஜி ஏறவும் செய்யும். நிமோகாக்கல் (நிமோனியா) ஊசி பற்றி அவன் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

லட்சுமி நகர்: ஜிம்மில் கொடுக்கிற ஸ்டீராய்டு?

அது வேறு சரக்கு, என் துறை இல்லை. தொடாதீர்கள்.

சாகேத்: அலர்ஜிக்கு ஐஜிஇ டெஸ்ட். ஸ்டீராய்டுல இருக்கும்போது எடுத்தா கம்மியா காட்டுமா?

ஐஜிஜி குறையும் சமயத்தில் ஐஜிஇ குறையாமல் இருப்பதும், சிலருக்குக் கொஞ்சம் ஏறுவதும்கூட உண்டு. எடுக்கலாம்.

பீதம்புரா: ஊசிக்கு முன்னாடி ஸ்டீராய்டை நிறுத்தணுமா டாக்டர்?

நான் டாக்டர் இல்லை. நிறுத்த வேண்டாம்.

முனிர்கா: அம்மா மூட்டு வலிக்கு ஒரு பொடி சாப்பிடறாங்க. ரெண்டே நாள்ல வலி போச்சு, முகம் மட்டும் உப்பியிருக்கு.

அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றே சந்தேகப்படுகிறேன். இன்று இரவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திடீரென நின்றால் ரத்த அழுத்தம் விழலாம். பொட்டலத்தோடு நாளைக் காலையில் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.