கேள்வி–பதில்: கூத்துக் களரியும் கேம் திரையும்

விடுமுறை வாரத்தில் புராணக் கேம், படம் கீறல், கூத்து, பரதம் என்று கலந்துகட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கூத்து நடக்கும்போது களரியடியில் (ஆட்டம் நடக்கும் வட்டத்தின் ஓரத்தில்) இருந்து படம் கீறப் பார்க்கிறேன். தலையிலுள்ள முடியை (கிரீடத்தை) கீறி முடிப்பதற்குள் ஆட்டக்காரர் மறுபக்கம் போய்விடுகிறார். போனில் வீடியோ எடுத்து வீட்டில் கீறினால் என்ன? — வாசகர், கன்னன்குடா

முடியில் தொடங்குவதுதான் வினை. அது மினுங்கும், கண்ணை இழுக்கும், ஆனால் ஆட்டம் அங்கே இல்லை. முதலில் ஒரே ஒரு கோடு போடுங்கள்: பிடரியிலிருந்து முதுகு வழியாக, பாரம் தாங்கும் காலின் குதி வரை. பிறகு தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. ஒரு காலில் பாரம் ஏறினால் அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் தாழும். இந்தச் சாய்வு பிடிபட்டால் கை கால்களைப் பிறகு பொருத்தலாம். தலைக்கு ஒரு முட்டை வடிவம் போதும். எல்லாம் சேர்த்து 30 விநாடிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அதை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கூத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாத்திரம் முதலில் களரிக்கு வந்து ஆடும் வரவு ஆட்டத்தில் ஒரே தாளக்கட்டுக்கு ஆட்டக்காரர் களரியைச் சுற்றிச் சுற்றி வருவார். விட்ட நிலை திரும்ப வரும். அவரைத் துரத்த வேண்டாம். ஒரு தாளில் மூன்று உருவத்தை அரைகுறையாகத் தொடங்கி வையுங்கள். முதல் நிலை திரும்பி வரும்போது முதல் உருவத்தில் இரண்டு கோடு, அடுத்தது வரும்போது அடுத்ததில் இரண்டு கோடு. பரத மேடையில் இவ்வளவு தாராளம் கிடைக்காது.

வடமோடிக் கூத்தில் அரசன் அணியும் கரப்புடுப்பு (மணிபோல் விரிந்து நிற்கும் உடுப்பு) தனிச் சிக்கல். இடுப்பும் முழங்காலும் உள்ளே மறைவதால், புதிதாகக் கீறுபவர்கள் ஒரு மணியைக் கவிழ்த்து அதன் கீழே இரண்டு குச்சியைச் செருகிவிடுவார்கள். பாதங்களை முதலில் நிலத்தில் வையுங்கள். இரண்டு பாதத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கும் என்று கணித்து மெல்லிய கோட்டில் குறியுங்கள். உடுப்பை அதற்கு மேல் போர்த்துங்கள். ஆட்டக்காரர் சட்டென்று திரும்பும்போது உடுப்பு அவரோடு உடனே திரும்பாது, ஒரு கணம் பிந்தும். விளிம்பு வட்டத்தைச் சற்றுச் சரித்துக் கீறினால் சுழற்சி தெரியும். நேராகக் கீறினால் ஆள் நின்றுவிடுவார்.

வீடியோவை முத்திரை, மணிக்கோவை, உடுப்பின் வேலைப்பாடு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வெளிச்சத்தில் போன் கமரா ஒவ்வொரு காட்சிக்கும் கூடிய நேரம் ஒளியை வாங்குவதால், வேகமான கையும் காலும் பூசிவிட்டதுபோல் ஆகும். கிட்ட இருந்து எடுத்தால் முன்னால் உள்ள கால் யானைக்கால்தான்.

சாமான்: 4பி, 6பி பென்சில்கள், ஒரு மட்டை, கிளிப், போட்டோகொப்பிக் கடதாசி 30 தாள். எச்பி பென்சில் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். அழிறப்பரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கினால் கடதாசி தொய்ந்து பென்சில் வழுக்கும். ஆகவே ஐந்து தாளை மட்டையில் மாட்டி, மிச்சத்தைப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். வலது கைக்காரர் தாளுக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழலில்தான் கீறுவீர்கள்.

மகனுக்கு 16 வயது. தெய்வக் கதைகள் வரும் கேம்கள் வேண்டுமாம். வீட்டில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள லெப்டொப், தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. அவன் கேட்பது ‘பிளாக் மித்: வூகோங்’. — தாய், ஆரையம்பதி

அதில் ஓடாது. சீனத்துக் குரங்கு வீரனின் கதையை வைத்து 2024இல் வந்த அந்தக் கேமுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 தரத்தில் ஒரு கார்ட், 130 ஜிபி இடம் தேவை. 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கவே இடைவிடாமல் 29 மணித்தியாலம் போகும். டேட்டாக் காசை நீங்களே கணக்குப் பாருங்கள்.

‘ஹேடிஸ்’ (2020) வாங்கிக் கொடுக்கலாம். கிரேக்கப் பாதாள அரசனின் மகன் அங்கிருந்து தப்பப் பார்க்கும் கதை. 4 ஜிபி ராம், 15 ஜிபி இடம் போதும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. தனிக் கார்ட் இல்லாததால் திரை அளவை 1280க்கு 720 என்று குறைத்து ஓட விடுங்கள். ஒரு ஓட்டம் ஏறக்குறைய அரை மணித்தியாலம். நாயகன் தோற்றால் வீட்டுக்கே திரும்பி வருவான். “அடுத்த முறை வீட்டுக்கு வந்ததும் நிப்பாட்டு” என்று சொல்வதற்கு வசதி. வன்முறை, மது எல்லாம் உண்டு, அமெரிக்கத் தரப்படுத்தலில் பதின்ம வயதினருக்கானது. இன்னொரு புராணக் கேமான ‘காட் ஒஃப் வோர்’ அப்படியல்ல, வளர்ந்தவர்களுக்கானது.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் ஒரு மணித்தியாலத்தைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நன்றாக ஓடி அரை மணித்தியாலத்தில் இழுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். மெத்தையில் வைத்தால் காற்று வழி அடைபடும். நம் வெக்கைக்கு மேசையில், பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதே சரி.

படம் கீறுபவர்களுக்குப் பயன்படும் கேம் எது? — அக்கரைப்பற்று

‘ஒகாமி’. ஜப்பானியப் புராணம். சூரிய தேவதை ஓநாய் உருவில் வருவாள், ஆயுதங்களோடு தூரிகையும் உண்டு. காட்சியை நிறுத்தி வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் வரும், எதிரிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் வெட்டு விழும். மிகக் கோணலான வட்டத்தைக் கேம் ஏற்காமல் போகலாம், மணிக்கட்டை விட்டு முழங்கையால் சுற்றப் பழகுங்கள்.

நம் பக்கத்துத் தெய்வங்கள் வேண்டுமென்றால் புனேயில் செய்த ‘ராஜி’ (2020). துர்க்கையும் விஷ்ணுவும் வழிநடத்த, ஒரு பெண் தம்பியைத் தேடிப் போகிறாள். வட இந்திய மலைநாட்டுப் பகாரி சிற்றோவியச் சாயல் உண்டு. ‘ஹேடிஸ்’ முகங்களில் அதன் ஓவியர் ஜென் சீ பயன்படுத்தும் தட்டையான கறுப்பு நிழல்களை 6பி பென்சிலால் பார்த்துக் கீறுவதும் நல்ல பயிற்சி. ஆனால் திரையில் நின்ற படத்தையே கீறிக்கொண்டிருந்தால் அசைவு கைக்கு வராது. காலையில் திரை, இரவில் களரி.

பாண்டிருப்புத் தீமிதிப்பை நேரில் இருந்து கீறலாமா? — கல்முனை

கோயிலில் கேட்டுவிட்டுக் கீறுங்கள். திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் சடங்கும் பாரதக் கதையோடு நடப்பதால் படத்துக்கு விடயம் நிறைய. ஆனால் பாண்டவராகவும் திரௌபதையாகவும் நிற்பவர்கள் வேடம் போட்டவர்கள் அல்ல, நேர்ந்து விரதம் இருப்பவர்கள். உருவந்து (சாமி வந்து) ஆடுபவரின் முகத்தைக் கீறாதீர்கள். கூட்டம், பந்தல், குழி வெட்டும் வேலை, பறை அடிப்பவரின் தோள் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து கீறலாம். தீக்குழிக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

பரத முத்திரைகளைக் கீறினால் விரல்கள் வாழைப்பழச் சீப்புப் போல வருகின்றன. முழங்காலை மடித்து அரைவாசி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியும் சரிவராது. — மாணவி, திருக்கோவில்

ஐந்து விரலையும் தனித்தனியாகக் கீறுவதால்தான். உள்ளங்கையை ஒரு பெட்டியாகவும் நான்கு விரலையும் ஒரே கையுறையாகவும் கீறிவிட்டுப் பிறகு பிரியுங்கள். கையின் நீளம், நாடியிலிருந்து நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் வரை. சின்னதாகப் போடுவது எல்லோருக்கும் வரும் பிழை. பதாக முத்திரையில் பெருவிரல் மடிந்திருக்கும், திரிபதாகத்தில் மோதிர விரலும் மடியும். அந்த ஒரு விரலைத் தவறவிட்டால் ஆடுபவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில், பாதத்தின் திசையிலேயே திரும்ப வேண்டும். முன்னால் விழுந்தால் படமும் பிழை, ஆடினால் முழங்காலும் நோகும். சீமெந்துத் தரையில் நெடுநேரம் தட்டுவதும் கணைக்காலுக்குக் கூடாது.

கண்ணகியை நாயகியாக வைத்து ஒரு கேம் உருவம் வரைய ஆசை. எங்கே தொடங்குவது? — களுவாஞ்சிகுடி

முகத்தில் வேண்டாம். 3 சென்றிமீற்றர் உயரத்தில் பத்து உருவம், உள்ளே முழுக் கறுப்பு. எது கண்ணகி என்று கதை தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அந்த அளவில் சிலம்பு ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் சிலம்பு பிடித்த கையை உடம்பிலிருந்து முழுக்க விலக்கித் தலைக்கு மேல் தூக்குங்கள், விரித்த கூந்தலை மறுபக்கம் பறக்க விடுங்கள். கையும் கூந்தலும் ஒன்றையொன்று தொட்டால் கறுப்பில் கலந்துவிடும், நடுவே வெள்ளை இடம் விடுங்கள். பாண்டியனுக்குக் கரப்புடுப்பின் அகலத்தைக் கொடுத்துப் பாருங்கள், இருவரும் ஒரே திரையில் நின்றாலும் குழப்பம் வராது. நிறமும் நகையும் அதற்குப் பிறகு.