அறைச் சமையல் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

யாங்கோனுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் சம்பளத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலேயே தொலைக்கிறார்கள் என்று தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் தட்டோன் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். இங்கே கைப்பேசிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். மூவர் தமிழர், ஒருவர் பர்மியர். காலையில் தேநீர்க்கடை, மதியம் சோற்றுக்கடை, இரவில் நூடுல்ஸ் பாக்கெட் என்று நாள் போகிறது. நீங்கள் சொல்வதுபோல் சமைக்கலாம்தான். ஆனால் மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத அறையில், பிரிட்ஜும் இல்லாமல், இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவன் சாம்பாரும் பொரியலும் எப்படிச் செய்வது? அம்மா கொடுத்தனுப்பிய சாம்பார்ப் பொடி வண்டு விழுந்து கிடக்கிறது. எங்களுக்கு நாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வாடை ஆகாது. பர்மிய நண்பருக்குச் சாம்பார் பிடிக்காது. எழுதுவது எளிது, அம்மா.

– ஒரு வாசகன், யாங்கோன்

அன்புள்ள தம்பி,

சாம்பாரும் பொரியலும் செய்ய முடியாது என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் என் பதில். நம் வீட்டுச் சாப்பாடு, காலையிலிருந்து இரவு வரை ஒருவர் அடுப்படியிலேயே இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் அமைந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா. அவரை ஊரில் விட்டுவிட்டு, அவருடைய சமையலை மட்டும் அறைக்குக் கொண்டுவர முயன்றால், இரண்டாம் நாளே அலுத்துப்போய்த் தேநீர்க்கடைக்குத்தான் போகத் தோன்றும். அறையில் இருப்பவர்கள் இந்த மண்ணில் மலிவாக விளைவது எது, இந்த ஊர் மக்கள் அவசரத்துக்கு எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பருப்பு வகைதான். மியன்மார் உலகின் பெரிய பருப்பு ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. உளுந்தும் துவரையும் பெரும்பாலும் இந்தியாவுக்குப் போகின்றன. அதனால் நீங்கள் சாம்பாருக்கு வாங்கும் துவரம்பருப்பின் விலை, இந்தியா இந்த ஆண்டு எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடுவது பட்டாணியும் கொண்டைக்கடலையும்தான். விலை எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் அது பழசாகிவிடும். ஆனால் எந்த விலையிலும், 100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை புரதம் கிடைக்கிறது என்பதையும், அதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றில் குறைகிற அமினோ அமிலத்தை மற்றொன்று ஈடுசெய்கிறது என்பதையும் கணக்கில் கொண்டால், கறிக்கடைக்குப் போகாமல் உடம்பைத் தேற்றிக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் தலையில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு 'பேபியோ' என்று கூவிக்கொண்டு போகும் பெண்களை நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் விற்கும் அந்த வேகவைத்த முளைப்பட்டாணியை அறையிலேயே செய்யலாம். காய்ந்த பட்டாணியை இரவில் ஊறப்போட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த நாள் காலைக்குள் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக மூக்கு எட்டிப் பார்க்கும். அந்த அளவு போதும், அதற்கு மேல் விட்டால் நீண்டு கசக்கும். முளைவிட்ட பட்டாணி சீக்கிரம் வேகும்; கரி அடுப்பிலோ, மின்சாரம் இருந்தால் குக்கரிலோ அரை மணி நேரம் போதும். கடைக்காரர்கள் இன்னும் சீக்கிரம் குழையட்டும் என்று சோடா உப்புப் போடுவார்கள். நீங்கள் போடாதீர்கள், அது தயாமின் (வைட்டமின் பி1) சத்தைக் கெடுத்துவிடும். வெந்ததை வடித்து உப்புப் போட்டு, கடலையெண்ணெயில் நிறைய வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு வதக்கிக் கொஞ்சம் மஞ்சள்தூளோடு அதன்மேல் கொட்டிக் கிளறினால், சோற்றுக்கும் ஆகும், 'நான்' ரொட்டிக்கும் ஆகும், மறுநாள் பழைய சோற்றை வறுக்கும்போது அதில் போடவும் ஆகும். இதற்குப் பொடி எதுவும் தேவையில்லை, ஆகவே வண்டு விழவும் வழியில்லை.

பாசிப்பயறு இதைவிடச் சுலபம். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊறிய பயற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தக் கொதிநீரோடு பிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டால், நீங்கள் கடையில் நிற்கும் நேரத்தில் அது தானாக வெந்திருக்கும். மின்சாரம் போனாலும் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ராஜ்மாவையும் மொச்சையையும் இப்படிச் செய்யக் கூடாது. அவற்றில் உள்ள நஞ்சு போக, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்றாகக் கொதிக்கவைத்தே வேகவிட வேண்டும்.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் வயிற்றைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். இங்கே அரிசியை டின்பால் டப்பாவால் அளக்கிறார்கள். எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பியி, கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு டப்பா இருவருக்கு ஒரு வேளைக்குக் காணும். எனவே நால்வருக்கு இரண்டு வேளை என்றால் ஒரு பியி இரண்டு நாள் வரும். மின்சாரம் வந்த நேரத்தில் குக்கரில் வைத்துவிட்டு, பிறகு மின்சாரம் போனபின் மூடியைத் திறக்காமல் இரவு வரை அப்படியே விடுவதுதான் பெரும்பாலான அறைகளில் நடப்பது. அந்த வெதுவெதுப்பு, சோற்றில் சாகாமல் எஞ்சியிருக்கும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுவதற்கு மிகவும் தோதானது. அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும், வறுத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கவைக்கும். ஆகையால் உடனே சாப்பிடாத சோற்றைத் தட்டில் பரப்பி விரைவில் ஆறவிடுங்கள். ஆறியதும் மண்சட்டியில் போட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. வெங்காயமும் பச்சைமிளகாயும் இருந்தால் தேநீர்க்கடைப் பலாத்தாவுக்கு (பரோட்டாவுக்கு) கொடுக்கும் காசு மிச்சம். அடுத்த நாளுக்கு மட்டும் அதை வைத்திருக்காதீர்கள்.

முடிந்தால் புழுங்கல் அரிசி கேட்டு வாங்குங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியபோது, தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் அதற்குப் பலியானார்கள். புழுங்கல் சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே இருந்தது. காரணம், நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கிடைக்காவிட்டால் பச்சரிசியை ஐந்தாறு தடவை கழுவிக்கொண்டிருக்காமல், வடிக்காமல் பொங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு, இந்நாட்டு ஷான் இனத்தவர் செய்யும் ஷான் தோஃபு. பெயரைக் கேட்டுச் சோயா என்று நினைக்க வேண்டாம், இது கடலை மாவில் செய்வது. ஒரு கப் மாவுக்கு மூன்று கப் நீர், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். பாதி நீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதி நீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, கை ஓயாமல் பத்து நிமிடம் கிளறினால் கூழ் இறுகி, பச்சை மாவு வாடை போய்விடும். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவிட்டால் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வரும். அப்படியே புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் மிளகாயும் ஊற்றிக் கலந்து சாப்பிடலாம், பொரித்தும் சாப்பிடலாம். இறுகும்வரை பொறுமையில்லாதவர்கள் கூழாக இருக்கும்போதே நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஷான் கடைகளில் அதற்கென்றே கூட்டம் நிற்கும்.

நூடுல்ஸ் என்றதும் நினைவு வருகிறது. அதை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயில் பொரித்த மைதா அது, ஒரு பாக்கெட்டில் புரதம் பத்து கிராமைத் தொடுவதே அரிது, உப்போ தாராளம். மசாலாவைப் பாதி போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு பிடி வள்ளைக்கீரை கிள்ளிப் போட்டால் ஒருவேளை உணவாகிவிடும். தினமும் இரவு அதுவே என்பதுதான் கூடாது.

கடைசியாக உங்கள் பர்மிய நண்பர். அவரைத் தடையாக எண்ணாமல் அறைச் சமையலுக்கு அவரையே தலைவராக்குங்கள் என்பேன். மேலே எழுதியவற்றில் பட்டாணியும் தோஃபுவும் அவருக்குப் பழகிய உணவுதான். பர்மியர்கள் சின்பவுங் என்று வதக்குவது நம் புளிச்சக்கீரைதான். பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கி, அவருடைய பங்கில் மட்டும் காய்ந்த இறால் சேர்த்துக்கொள்ளலாம். நாப்பியை அவர் தனிச் சிமிழில் வைத்துக்கொள்ளட்டும், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழம்பு வேண்டும் என்று தோன்றும் நாளில் எல்லாவற்றையும் அறையில் செய்ய முனைய வேண்டாம். சோற்றை அறையில் பொங்கிவிட்டு, சோற்றுக்கடையில் மீன்குழம்பு ஒன்றை மட்டும் பொட்டலம் வாங்கி நால்வரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பருப்பு வகைகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து அனோரதா சாலைப் பக்கத்துக் கடைகளிலோ தெயின்ஜி சந்தையிலோ வீசை (ஏறத்தாழ 1.6 கிலோ) கணக்கில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். கணக்கை ஒருவரே எழுதட்டும், மாதக் கடைசியில் நான்காக வகுத்துக்கொள்ளலாம். கூட்டு அறைகளில் சமையல் நின்றுபோவது பெரும்பாலும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சண்டையால்தான்.

அன்புடன்.