கிட்கேட் சாக்லேட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பூனைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பூனைக்குச் சம்பந்தம் கிடையாது. ஆட்டுக்கறிக்கு உண்டு.

இந்தச் சாக்லேட் பிறந்தபோது அதற்கு இந்தப் பெயர் இல்லை. இந்தப் பெயர் பதிவானபோது அந்தச் சாக்லேட்டே இல்லை. இரண்டும் இங்கிலாந்தின் ஒரே நிறுவனத்தில் தனித்தனியாகக் கிடந்து, 1937இல்தான் ஒன்று சேர்ந்தன. தின்பண்டங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சாக்லேட். வட இங்கிலாந்தில் யார்க் என்றொரு பழைய ஊர். அங்கே 1862இல் ஹென்றி ஐசக் ரவுன்ட்ரீ ஒரு கோகோ வியாபாரத்தை விலைக்கு வாங்கினார். சில ஆண்டுகளில் அவருடைய அண்ணன் ஜோசப்பும் வந்து சேர்ந்துகொண்டார். கேட்பரி குடும்பத்தைப் போலவே இவர்களும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மதுவுக்கு மாற்றாகக் கோகோவைக் குடிக்கச் சொன்னவர்கள். தொழிலாளிகளுக்கு வீடு, ஓய்வூதியம் என்று அந்தக் காலத்திலேயே யோசித்த முதலாளிகளில் ஜோசப் ரவுன்ட்ரீயும் ஒருவர்.

1930களின் தொடக்கத்தில் ரவுன்ட்ரீ நிறுவனம் கேட்பரியின் டெய்ரி மில்க்குடன் மோத முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு 1932இல் மார்ஸ் பார் என்ற புதுச் சாக்லேட்டும் இங்கிலாந்தில் இறங்கிவிட்டது. அப்போது ரவுன்ட்ரீயின் விற்பனைப் பொறுப்பை ஏற்று நிறுவனத்தையே திருப்பிப்போட்டவர் ஜார்ஜ் ஹாரிஸ். பிளாக் மேஜிக், ஏரோ, ஸ்மார்ட்டீஸ் என்ற பெயர்பெற்ற சாக்லேட்கள் எல்லாமே 1933க்கும் 1937க்கும் இடையில் அங்கிருந்து வந்தவைதாம். ஐந்தே ஆண்டில் ஒரு நிறுவனத்திலிருந்து இத்தனை என்பது இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

யார்க் தொழிற்சாலையில் ஊழியர்களுக்கென்று ஒரு யோசனைப் பெட்டி இருந்தது. வேலைக்குப் போகிறவன் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு சாக்லேட் செய்தால் என்ன என்று ஒரு தொழிலாளி அதில் எழுதிப் போட்டார் என்பது நிறுவனமே சொல்லிவரும் வரலாறு. அன்றைக்குச் சாக்லேட் என்றால் பரிசுப் பெட்டி, காதலிக்கு வாங்கித் தருவது என்ற எண்ணம்தான் பலமாக இருந்தது. உழைக்கிறவனின் பைக்குள் அதைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தது உழைக்கிற ஒருவர்தான் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் தொட்ட இடம்.

அப்படி வந்ததுதான் நான்கு விரல்கள் கொண்ட அந்த பார். 1935 ஆகஸ்டில் லண்டனிலும் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியிலும் இரண்டு பென்னி விலையில் விற்பனைக்கு வந்தது. பெயர், 'ரவுன்ட்ரீஸ் சாக்லேட் கிரிஸ்ப்'. மொறுமொறுப்பான சாக்லேட், அவ்வளவுதான் பொருள்.

இனி பெயரின் கதை. இதற்கு முந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1700ஐ ஒட்டிய லண்டனில், டெம்பிள் பார் என்ற நகர வாசலுக்குப் பக்கத்தில் ஷயர் லேன் என்றொரு சந்து. அங்கே கிறிஸ்டோபர் கேட்லிங் என்பவர் கடை வைத்திருந்தார். கேட் என்றே அவர் பெயரைச் சுருக்கி எழுதியவர்களும் உண்டு. சுப்பிரமணியன் நம்மூரில் சுப்பு ஆவதுபோல், ஆங்கிலத்தில் கிறிஸ்டோபர் 'கிட்' ஆகிவிடுவார். ஆக, கிட் கேட். மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுடும் 'மட்டன் பை' அவருடைய கைப்பக்குவம். அந்தப் பைக்கே 'கிட்-கேட்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அன்றைய இங்கிலாந்தின் இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடிச் சாப்பிட்டு, குடித்து, அரசியல் பேசிய ஒரு சங்கம் அவர் கடையில் உருவானது. அதைக் கூட்டிவைத்தவர் ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளர். எழுத்தாளர்கள் அடிசன், ஸ்டீல், நாடக ஆசிரியர் காங்கிரீவ், பின்னாளில் இங்கிலாந்தின் முதல் பிரதமராக எண்ணப்பட்ட ராபர்ட் வால்போல் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். சங்கத்தின் பெயர் 'கிட்-கேட் கிளப்'. ஆளின் பெயரிலிருந்து வந்ததா, மட்டன் பையின் பெயரிலிருந்து வந்ததா என்று அன்றே பேச்சு இருந்திருக்கிறது. பையிலிருந்துதான் என்று அடிசன் எழுதியிருக்கிறார். உறுப்பினரே சொல்கிறார், நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சங்கம் ஓவியத்திலும் தடம் பதித்திருக்கிறது. உறுப்பினர்களின் உருவப்படங்களை காட்ஃப்ரி நெல்லர் வரைந்தார், நாற்பதுக்கும் மேல். பெரும்பாலும் 36 அங்குல உயரம், 28 அங்குல அகலம். டான்சன் வீட்டில் அவற்றை மாட்டவிருந்த அறையின் கூரை தாழ்வு, அதனால்தான் இந்த அளவு என்று சொல்வார்கள். தலையும் தோளும் ஒரு கையும் தெரியும் இந்த அளவுக்கு ஓவியர்கள் இன்றும் 'கிட்-கேட்' என்றே சொல்கிறார்கள். படங்கள் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் உடைமை.

சங்கம் 1720 வாக்கில் கலைந்தது. ஆனாலும் பெயர் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. 1911இல் ரவுன்ட்ரீ நிறுவனம் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தது. ஆங்கிலத்தில் 'கேட்' என்பதை சி எழுத்தில் தொடங்கி ஒன்று, கே எழுத்தில் தொடங்கி ஒன்று, இரண்டையும். 1920களில் ஒரு சாக்லேட் பெட்டிக்கு 'கிட் கேட்' என்று வைத்துப் பார்த்தார்கள். ஹாரிஸ் வந்து வேறு பெட்டிகளை முன்னே தள்ளியதும் அந்தப் பெட்டி பின்வாங்கியது, பெயர் சும்மா இருந்தது. 1937இல் அதை எடுத்து 'கிட் கேட் சாக்லேட் கிரிஸ்ப்' என்று பாரின் தலையில் சேர்த்தார்கள்.

அப்போதும் முழுப்பெயர் நீளம்தான். அதைச் சுருக்கியது உலகப் போர். பால் தட்டுப்பாடு வந்ததும் 1942இல் பால் சாக்லேட்டை விட்டுக் கறுப்புச் சாக்லேட்டில் பாரைச் செய்தார்கள். வாங்குகிறவர்கள் இதைப் பழைய சரக்கு என்று நினைத்து ஏமாறக்கூடாதே! சிவப்பு உறையை நீலமாக்கி, 'சாக்லேட் கிரிஸ்ப்' என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது 'கிட் கேட்' மட்டும். போர் முடிந்து பாலும் திரும்பியது, சிவப்பும் திரும்பியது, 'சாக்லேட் கிரிஸ்ப்' மட்டும் பிரதான பெயராகத் திரும்பவில்லை. பொருளை அப்படியே விளக்கிய பெயர் போய், எதையும் விளக்காத பெயர் நின்றுவிட்டது. விளம்பர மூளை ஒன்று உட்கார்ந்து யோசித்த பெயர் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டுப்பாடும் நேர்மையும் சேர்ந்து செய்த வேலை இது. 'கொஞ்சம் ஓய்வெடு, ஒரு கிட்கேட் எடு' என்ற பாணியில் நாம் அறிந்த அந்த ஆங்கில விளம்பர வரி, பெயர் நிலைத்த பிறகு 1957இல்தான் வந்தது.

ஜப்பானில் இதே பெயர் புது அவதாரம் எடுத்தது. அங்கே சொல்லும்போது 'கிட்டோ காட்சு' என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கிறது. 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்று பொருள். நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கமாகி, 2009இல் அஞ்சல் துறையோடு சேர்ந்து, வாழ்த்து எழுதித் தபாலில் அனுப்பும் கிட்கேட்டையே கொண்டுவந்தார்கள்.

உள்ளே இருப்பதைப் பற்றியும் ஒரு சங்கதி. ஒரு விரலை ஓரமாகக் கடித்துப் பார்த்தால் மூன்று வேஃபர் அடுக்குகளும் நடுவில் மெல்லிய பூச்சும் தெரியும். உடைந்ததும் குமிழி விழுந்ததுமாக ஒதுக்கப்பட்ட கிட்கேட்களை அரைத்து அந்தப் பூச்சில் கலக்கிறார்கள். நாம் தின்னும் கிட்கேட்டுக்குள் முந்தைய கிட்கேட் இருக்கிறது!

1988இல் ஸ்விட்சர்லாந்தின் நெஸ்லே ரவுன்ட்ரீயை வாங்கியது. நான்கு விரல் வடிவத்துக்கும் தனியுரிமை வேண்டும் என்று அது கேட்டதைக் கேட்பரி தரப்பு எதிர்த்து, வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்த வடிவம் நெஸ்லேயிடம் மட்டும் இருப்பதல்ல; நார்வேயில் 1937 முதலே 'க்விக் லுன்ஷ்' என்ற நான்கு விரல் சாக்லேட் இருக்கிறது. பிரிட்டனில் 2017இலும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2018இலும் தீர்ப்பு நெஸ்லேக்கு எதிராகவே வந்தது.

அமெரிக்காவில் மட்டும் கதை வேறு. ரவுன்ட்ரீ காலத்திலேயே ஹெர்ஷி நிறுவனத்துக்கு அங்கே உரிமம் கொடுத்துவிட்டதால், இன்றும் அங்கே கிட்கேட் செய்வது ஹெர்ஷிதான். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கிட்கேட் வேறு மாதிரி ருசிக்கிறதே என்று யாராவது கேட்டால், அது பிரமை இல்லை. செய்கிற கையும் செய்முறையும் வேறு.