பழைய பயம் திரும்பி வந்தால்: திருகோணமலை வாசகர் கேள்விகள்

நிலாவெளி வாசகி: சுனாமியில் வீடு போனது. பிறகு பல வருடம் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது கந்தோரில் கணக்காய்வு, வீட்டில் மாமிக்குச் சுகமில்லை. இரவில் கடல் இரைந்தாலே எழும்பி உட்காருகிறேன். அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் போட்ட பையைக் கதவடியில் வைத்தால்தான் படுக்க முடிகிறது. எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறதா?

இல்லை. 2004 டிசம்பரில் உடம்பு படித்த பாடம் அழியவில்லை, அதற்குமேல் 'இது வெறும் மாரிக்கடல்' என்ற புதுப் பாடம் படிந்திருந்தது. அந்தப் புதியதைப் பிடித்துவைப்பது மூளையின் முன்பகுதி, நித்திரை கெட்டு நெருக்கடி ஏறும்போது முதலில் களைப்பதும் அதுதான், அப்புறம் பழைய பயம் தன்பாட்டில் எழும்பும். ஆகவே கடலோடு மல்லுக்கட்டாமல் முதலில் சுமையை இறக்குங்கள். இரவில் மாமியை வேறு யாராவது பார்க்கட்டும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். திடுக்கிட்டு எழும்பினால் லைட்டைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டு, இன்றைய திகதியையும் அறையில் தெரிகிற 5 பொருள்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பை இருக்கட்டும், கரையோரத்தில் அது நல்ல முன்னேற்பாடுதான். அதை இரவில் எத்தனை தரம் திறந்து பார்க்கிறீர்கள் என்பதைத்தான் மெல்லக் குறைக்க வேண்டும்.

சம்பூர் வாசகர்: 2006இல் ஷெல்லடிக்குள் ஓடினவன். கடன் நெருக்கும் இந்த நாட்களில் ஹெலிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறேன். பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருக்கிறது.

அன்று உங்களைக் காப்பாற்றிய பதுங்கல் அது தம்பி, யோசனைக்கு முன்பே வருவது, வெட்கப்பட்டு அதை நிறுத்த முடியாது. பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முழுக்கதை வேண்டாம், "அப்பா சண்டைக்குள் இருந்தவர், பெரிய சத்தம் கேட்டால் உடம்பு தானாகப் பதுங்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், நீங்கள் ஒன்றும் பிழை செய்யவில்லை" என்றால் போதும். சொல்லாமல் விட்டால் சின்னப் பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், அதை நான் அடிக்கடி காண்கிறேன்.

மூதூர் வாசகர்: அம்மாவுக்கு நித்திரைக் குளிசை பார்மசியில் வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்களாக வாங்க வேண்டாம். சில வகை பழக்கமாகிவிடும், பழைய காயத்தை ஆற்றாது, வயதானவர்கள் இரவில் தடுமாறி விழவும் கூடும். ஏற்கெனவே போடுகிறவர் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியசாலை உளநலக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இந்த நிலை நீடித்தால் உங்கள் மூவருக்கும் அதையேதான் சொல்வேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.