கவிழ்த்தது வி-1ஐ, வி-2ஐ இல்லை

உங்கள் மகள் பள்ளி புராஜெக்டில் "வி-2 ராக்கெட்டை ஸ்பிட்ஃபயர் விமானிகள் இறக்கையால் கவிழ்த்தார்கள்" என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் சொல்வது சரிதான், அது நடந்தது வி-1க்கு. இரண்டும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய ஆயுதங்கள்; ஸ்பிட்ஃபயர் பிரிட்டனின் போர் விமானம். 1944 ஜூனில் லண்டன்மேல் ஏவத் தொடங்கிய வி-1 ராக்கெட்டே இல்லை, பல்ஸ்ஜெட் எஞ்சின் (எரிபொருளை விட்டுவிட்டு எரிக்கும் எளிய ஜெட்) வைத்த ஆளில்லா விமானம். மணிக்குச் சுமார் 640 கிலோமீட்டர் வேகம்தான் என்பதால் போர் விமானம் எட்டிப் பிடித்து, தன் இறக்கை நுனியை அதன் இறக்கைக்கு அடியில் கொண்டுபோய்ப் புரட்டிவிட முடிந்தது (கிட்டத்தில் சுட்டால் வெடிப்பில் சுட்டவரே மாட்டிக்கொள்வார்). செப்டம்பரில் வந்த வி-2தான் ராக்கெட். ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரித்து 80 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, ஒலியைவிட வேகமாக வந்து விழும்; வெடித்த பிறகுதான் அது வந்த சத்தமே கேட்கும். அதைப் போய் எந்த விமானம் துரத்த?